மிளகு போய் பீட்சா வந்த கதை



இந்த முறை எழுதப் போவது இத்தாலியச் சாப்பாட்டைப் பற்றி. "செட்டியார்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியா?" என்று சிரிக்க வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன்.

பொங்கல் கழிந்து புதுச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் மாலை, மாப்பிள்ளை எங்களை ஆரோவில் பக்கம் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். விறகு அடுப்பில் சுட்ட பீட்சா, தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா, ஒரு தட்டு நிறையப் பச்சைக் கீரை. காய்கறி எல்லாம் பக்கத்துப் பண்ணைகளில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தவை என்று பரிமாறிய பையன் சொன்னான். நாலு பேருக்குப் பில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முப்பத்து நாலு வருடம் வங்கியில் எண்ணியே பழகிய கை, பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தது. கணக்கு சரிதான்.

என் வீட்டம்மா பீட்சாவின் மேல் கிடந்த இலையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இது நம்ம திருநீற்றுப்பச்சை மாதிரி இல்ல இருக்கு?" என்றாள். மகள் செல்போனில் தேடினாள். அதேதான்! இத்தாலிக்காரர் பாசிலிகோ என்பதும் நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே செடியின் வகைகள். நாம் சர்பத்தில் போடும் சப்ஜா விதையும் அதன் விதைதான். அந்த இலையில் தொடங்கியது இந்தக் கட்டுரை.

பழைய பற்று வரவு

மறுநாள் அரிக்கமேடு பார்க்கப் போனோம். உணவகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆற்றங்கரை மேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்து மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. கூடவே இரண்டு காது வைத்த நீளச் சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த சாடிகள் அவை. ஆக, இத்தாலியச் சாப்பாட்டுச் சாமான் நம் கரையில் இறங்கி ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் ஆகிறது.

அவர்கள் இங்கிருந்து கொண்டு போனதில் முக்கியமானது மிளகு. நம் ஊரிலிருந்து பார்த்தால் மேற்கே தெரிகிற மலைத்தொடரின் அந்தப் பக்கம் விளைந்த சரக்கு. முசிறித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. ரோமாபுரியில் பிளினி என்ற அறிஞர் விலைப்பட்டியலே எழுதி வைத்திருக்கிறார். கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. அவருடைய காலத்தில் ஒரு ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ். வகுத்துப் பார்த்தால், ஒரு ராத்தல் கருமிளகு வாங்க ஆறரை நாள் சம்பளம் வேண்டும். அவர்களுடைய ராத்தல் நம் கணக்கில் கிலோவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ரோமாபுரியிலிருந்து உறிஞ்சிவிடுகிறது என்றும் பிளினி புலம்பியிருக்கிறார். பி.காம். படித்தவர்களுக்கு இது புரியும். வர்த்தகப் பற்றாக்குறை, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் ஒரு பங்குதான் மதுரை, கோவை, கரூர் பக்கம் பானை பானையாகக் கிடைத்த ரோமக் காசுகள். 408-ஆம் ஆண்டு ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், நகரத்தை விட்டுப்போகக் கேட்ட தொகையில் பொன், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

மிளகோடு நின்றதா என்றால் இல்லை. கத்தரிக்காயும் நம் பக்கத்துப் பயிர்தான். அரேபியர் மூலம் மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் போய், இன்று இத்தாலியச் சமையலில் தக்காளி, சீஸ் அடுக்கி வேகவைக்கும் பெரிய பதார்த்தமாகிவிட்டது.

தக்காளி யாருடையது?

"தக்காளி இல்லாமல் இத்தாலியச் சாப்பாடு உண்டா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். உண்டு. பல நூற்றாண்டுகள் அப்படித்தான் இருந்தது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஸ்பானியர் கொண்டுவந்த பின், 1548-இல் மெதிச்சி பிரபு குடும்பத்துக்கு ஒரு கூடை தக்காளி வந்ததாகப் பதிவு இருக்கிறது. அதைச் சாப்பிடத் துணிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1690-களில்தான் நேப்பிள்ஸ் நகரச் சமையல் புத்தகம் ஒன்றில் தக்காளிச் சாறு செய்முறை வருகிறது.

நம் கதையும் அதேதான். தக்காளியும் மிளகாயும் போர்த்துகீசியர் வந்த பிறகு வந்தவை. அதற்கு முன் காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. மிளகைப் போல உறைக்கிற காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். தக்காளி என்ற சொல் நம்மிடம் மணத்தக்காளிக்கு முன்பே இருந்தது. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்து, புதியவர் பெயரை எடுத்துக்கொண்டார். ஆக, "எங்கள் பாரம்பரியம்" என்று மார்தட்டும்போது இரண்டு நாட்டாரும் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஆள் போக்குவரத்தும் இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, புலால் விட்டு, நம் சோறும் காய்கறியும் சாப்பிட்டார். நூறு வருடம் கழித்து வந்த வீரமாமுனிவர் நமக்கு இன்னும் பக்கம். கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். 1732-இல் சதுரகராதி தந்தவர். இலையில் உட்கார்ந்து நம் சாப்பாட்டைச் சாப்பிட்ட இத்தாலியர்களை நினைத்தால், முள்கரண்டியோடு நான் பட்ட பாடு பெரிதில்லை.

வங்கியும் பாலாடைக்கட்டியும்

இனி என் தொழில் விஷயம். பேங்க் என்று நாம் சொல்லும் சொல்லே, காசு மாற்றுபவர்கள் உட்கார்ந்த பலகையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நாம் கல்லூரியில் மனப்பாடம் செய்த இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் விளக்கியவர் லூக்கா பசியோலி என்ற துறவி. சியன்னா நகரத்தில் 1472-இல் தொடங்கிய வங்கி இன்னும் இருக்கிறது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. வட இத்தாலியில் பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள். ஒரு சக்கரம் நாற்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குறைந்தது 12 மாதம் அறையில் வைத்துப் பதப்படுத்திய பிறகே விற்க முடியும். அதுவரை பால்காரனுக்குப் பணம் வேண்டுமே? அங்கே கிரெடிட்டோ எமிலியானோ என்ற வங்கி 1953 முதல் அந்தச் சக்கரங்களையே ஈடாக வாங்கிக்கொண்டு கடன் தருகிறது. நாம் நகைக்கடனுக்குப் பெட்டகம் வைத்திருப்பது போல அவர்கள் பாலாடைக்கட்டிக்குக் கிடங்கு வைத்திருக்கிறார்கள். தட்டிப் பார்த்துத் தரம் சொல்ல, நம் நகை மதிப்பீட்டாளர் போல ஆளும் உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய முகம் நினைவுக்கு வந்தது.

1987 இருக்கும். பக்கத்து ஊர்க் கிளை ஒன்றில் பயிர்க்கடன் மேஜையில் இருந்தேன். அப்போது பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரம். உரத்துக்குப் பணம் தர மாட்டோம், கடைக்குச் சீட்டு எழுதித் தருவோம். ஒரு பெரியவர் வந்தார். தக்காளியும் கத்தரியும் போடுபவர். "உரச்சீட்டு வேண்டாம் தம்பி. அந்தப் பணத்துக்கு ஒரு பசுமாடு பிடிக்க முடியுமான்னு பாருங்க. சாணியும் குப்பையும் போட்டாத்தான் என் மண்ணு கேக்கும்" என்றார்.

விதியில் இடமில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் கறவை மாட்டுக்குத் தனியாகக் கடன் திட்டம் இருந்தது. அந்த விண்ணப்பம் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. வரிசை நீளமாக இருந்தது, மதியச் சாப்பாட்டு நேரம். நான் சொல்லவில்லை. அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அதைக் கடையிலேயே குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறு வருடம் அவர் கடன் கேட்டு வரவில்லை.

அதே காலத்தில் நம் பக்கத்திலேயே வேறு மாதிரி யோசித்த மனிதர் இருந்தார். நம்மாழ்வார், 1960-களின் தொடக்கத்தில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்தவர். மானாவாரி விவசாயிக்கு விலை உயர்ந்த உரமும் கலப்பின விதையும் கட்டுப்படியாகாது என்று சொல்லி வேலையை விட்டவர். 2013-இல் மறையும் வரை அதையே ஊர் ஊராகச் சொன்னார். பெரியவர் சொன்னதும் அதுதான். என் காதில்தான் விழவில்லை.

இத்தாலியில் இந்தப் பேச்சு கிளம்பியது 1986-இல். ரோமாபுரியின் பழைய சதுக்கம் ஒன்றில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது, எதிர்த்தவர்கள் கூடி பாஸ்தா பரிமாறினார்கள். கார்லோ பெத்ரினி தொடங்கிய "நிதான உணவு" இயக்கம் அதிலிருந்து வளர்ந்து 1989-இல் பாரிஸில் 15 நாட்டுப் பிரதிநிதிகள் கையெழுத்திட்ட அறிக்கை ஆயிற்று. சாப்பாடு நன்றாக இருக்க வேண்டும், மண்ணைக் கெடுக்காமல் விளைய வேண்டும், விளைவித்தவனுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் சொல்வதன் சாரம்.

நமக்கு என்ன?

ஆரோவிலில் அந்தப் பீட்சா ருசித்ததற்குக் காரணம் இத்தாலி அல்ல. 1968-இல் செம்மண் பொட்டலில் தொடங்கிய ஊர் அது. மரம் நட்டு, மண்ணைத் தேற்றி, பண்ணை அமைத்தார்கள். விளைந்ததை வாங்க உள்ளூரிலேயே பொதுச் சமையற்கூடமும் உணவகங்களும் இருந்தன. வாங்க ஆள் இருந்ததால் விளைவிக்க முடிந்தது.

நம்மிடம் இல்லாததா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இராஜபாளையம் மாம்பழத்தைத் தேடி வெளியூர்க்காரர் வருகிறார்கள். ஆனால் நம் காய்கறி பாவூர்சத்திரம் சந்தைக்கோ கேரளாவுக்கோ லாரி ஏறுகிறது. நாம் எங்கிருந்தோ வந்த தக்காளியை வாங்குகிறோம். விலை விழுந்தால் பறிகூலிக்குக் கட்டாமல் செடியிலேயே விடுகிறார்கள். பார்மிஜானோ சக்கரம் காத்திருக்கும். தக்காளி காத்திருக்காது.

இயற்கை முறைக்கு மாறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சான்று பெற ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், மா போன்ற மரப்பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம். அந்த வருடங்களில் மகசூல் குறையலாம், சான்றளித்த பொருளுக்கான விலையும் கிடைக்காது. அந்த நட்டத்தைத் தாங்குவது யார் என்பதுதான் கேள்வி. வங்கி தாங்காது, எனக்குத் தெரியும். வாங்குகிற நாம்தான் கொஞ்சம் தோள் கொடுக்க வேண்டும்.

வழி இருக்கிறது. ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் பங்கேற்பு உத்தரவாத முறையில் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று பெறலாம். சிறு விவசாயி நம்மிடம் நேரடியாக விற்றால், ஒரு வரம்பு வரை சான்றே கட்டாயமில்லை. நம்பிக்கைதான் சான்று.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை: மாதத்தின் முதல் ஞாயிறு காலை, நம் சங்கக் கட்டடத் திண்ணையில், சுற்று வட்டார இயற்கை விவசாயிகள் நாலைந்து பேருக்கு இடம் தருவோம். வாடகை வேண்டாம். ஆனால் திண்ணை மட்டும் போதாது. குறைந்தது இருபது வீட்டார், ஆறு மாதத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு வாங்குவோம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பாதிப் பணம் முன்பணம். கணக்கு நான் எழுதுகிறேன், இரட்டைப் பதிவில். காய் சொத்தையாக இருந்தால் சண்டை போடுங்கள், ஆனால் ஆறு மாதம் போடுங்கள். இருபது வீடு சேராவிட்டால் தொடங்க வேண்டாம். பாதியில் விட்டால் விவசாயிக்குத்தான் அடி.

அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கிறேன். முதல் வீடாக எங்கள் வீட்டின் பெயரை எழுதியாயிற்று. வீட்டம்மா திருநீற்றுப்பச்சைக் கன்று பத்து வளர்த்து வைத்திருக்கிறாள். சேருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, இலவசம். ரசத்தில் போடுவீர்களோ பீட்சாவில் போடுவீர்களோ, அது உங்கள் விருப்பம்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவருக்குத் தர வேண்டிய விண்ணப்பம் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.