பெருந்தோட்டச் சுகாதாரமும் குடியுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பொதுச் சுகாதார முன்னேற்றத்தை ஆராய்வோர் நாடளாவிய சராசரிகளையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம், மறு ஆண்டிலேயே ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தமை உலகறிந்த செய்தியாகும். எனினும், சராசரி என்பது வேறுபாடுகளை மறைக்கவும் வல்லது. அவ்வாறு மறைந்துபோனவற்றுள் ஒன்றான மலையகத் தோட்டத் தொழிலாளரின் உடல்நல நிலையை ஈண்டு நோக்குவோம்.

கோப்பிச் செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து மலைநாடு வரை கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. கிராமத்தவர்க்கு இல்லாத பாதுகாப்பொன்று தோட்டத்தவர்க்குக் கிட்டியது என இதனைக் கொள்வாருமுளர். அக்கூற்றை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும், தொழிலாளி நோயுற்றதை மருத்துவ அதிகாரிக்கு அறிவிக்கும் பொறுப்புத் தோட்டத்துரையிடமே விடப்பட்டது. சிகிச்சை, தொழிலாளியின் உரிமையாகவன்றி, உழைப்பைப் பேணுதற்கான செலவாகவே கணிக்கப்பட்டது.

இக்கணிப்பின் விளைவைக் கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி தெளிவாகக் காட்டுகின்றது. 1916 அளவில் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் தோட்டங்களில் இம்முயற்சி தொடங்கியபோது, தொழிலாளருட் பெரும்பாலானோர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தமை வெளிப்பட்டது. மலம் கலந்த மண்ணில் வளரும் இப்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுந்து, குடலிற் தங்கிக் குருதியை உறிஞ்சும். மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால், லயன்களுக்கு வேண்டிய மலசலகூடங்களை அமைக்கும் செலவைத் தோட்ட உரிமையாளர் பலர் ஏற்க விரும்பவில்லை. எனவே, குணமடைந்தவர் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றனர்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின் கிராமத்தவர் தம் பிரதிநிதிகளிடம் வைத்தியசாலையையும் மருத்துவிச்சியையும் கேட்டுப் பெறலாயினர். வாக்குப் பெட்டிக்கும் வைத்தியசாலைக்குமிடையே இவ்வாறு ஒரு தொடர்பு உருவாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலானோரை இத்தொடர்பிலிருந்து அகற்றின. அரசின் இலவச மருத்துவ சேவை கிராமங்களில் விரிவடைந்த காலத்தில், தோட்டத்தவரின் மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே தங்கிவிட்டது. கேட்பதற்கு வாக்கில்லாதவர்க்குக் கொடுப்பதற்கு எவரும் விரையவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003இல் குடியுரிமை கிட்டியது. உடைமை பலமுறை கைமாறியபோதும், பழைய இடைவெளி முற்றாக மறையவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர்.

இவ்வேறுபாட்டைத் தோட்டத்தவரின் அறியாமையாலோ வழக்கங்களாலோ விளைந்ததெனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மருந்து வழங்கப்பட்ட இடத்தில் மலசலகூடமும், சட்டம் இயற்றப்பட்ட இடத்தில் வாக்கும் மறுக்கப்பட்டன. உரிமையிலிருந்து பிரிக்கப்பட்ட சுகாதாரம் நிலைபெறாது என்பதே நாம் கண்ட முடிபாகும்.