பாயிண்ட் 32: சட்டைப்பைக்குள் அடங்கிய துப்பாக்கியின் கதை

1877 மார்ச் கடைசியில் கூடலூர், ஸ்ரீமதுரை, தேவாலா, பந்தலூர் எல்லாம் அடங்கிய தென்கிழக்கு வயநாடு, மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்ந்தது. அடுத்த வருடமே வைஸ்ராய் லிட்டன் பிரபு இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஆனால் அதற்கடுத்த வருடம் தேவாலா பக்கம் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்து, வெள்ளைக்காரர்கள் மலையேறி வந்து குவிந்தார்கள். (தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை. பங்கு வாங்கியவர்கள் போட்ட பணம் போனதுதான் மிச்சம்.) அப்போதுதான் புதுச் சட்டத்தின் அருமை புரிந்தது. வந்தவர்கள் இடுப்பில் ரிவால்வரோடு வந்தார்கள், லைசென்ஸ் கேட்க ஆள் இல்லை. காலங்காலமாக அங்கே நெல் விளைவித்துக்கொண்டிருந்த செட்டிகளும், காட்டை நம்பி வாழ்ந்த குறும்பர்களும் பன்றியை விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சர்க்காரிடம் போய் நிற்க வேண்டும்.

காரணம், 1878 சட்டத்தின் விதிகள் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு கொடுத்திருந்தன. பட்டம் பெற்ற சில ஜமீன்தார், ராஜாக்களுக்கும் சலுகை உண்டு. மற்ற எல்லோரும் மனு எழுத வேண்டியதுதான். இதை அந்தக் காலத்திலேயே எதிர்த்தார்கள். 1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு ஆயுதச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானமே போட்டது. அஹிம்சை என்றால் நினைவுக்கு வரும் காந்திகூட, 1918-ல் போருக்கு ஆள் சேர்க்கப் போனபோது, வெள்ளையர் ஆட்சி செய்த கெடுதல்களிலேயே மோசமானது இந்தச் சட்டம் என்றுதான் துண்டுப் பிரசுரத்தில் எழுதினார். நம்ப முடிகிறதா?

ஒரு கூட்டம் மட்டும் தப்பித்தது. ஸ்ரீமதுரையிலிருந்து வயநாட்டைத் தாண்டினால் வரும் குடகு நாட்டு மக்களுக்கு 1861-ல் மார்க் கப்பன் கொடுத்த விலக்கு இன்னும் செல்லுபடி ஆகிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் அவர்கள் பூஜையில் வைத்துக் கும்பிடுவது நீளத் துப்பாக்கி. நம் கதை சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கி பற்றியது.

அது வந்தது 19-ஆம் நூற்றாண்டு முடியும் நேரத்தில். அதுவரை கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர். குண்டுகளைச் சுமக்கும் உருளை நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். கோட்டுக்குள் வைத்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் அந்த உருளையையே தூக்கிவிட்டு, குண்டுகளைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனி 1900-ல் அதைத் தயாரித்து விற்றது. ஏழு குண்டு, முக்கால் கிலோவுக்கும் குறைவான எடை, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போல் தட்டை. அதற்காகவே 1899-ல் உருவான தோட்டாதான் பாயிண்ட் 32. விற்ற வேகத்தில் பிரெஞ்சு மொழியில் 'பிரௌனிங்' என்றாலே பிஸ்டல் என்று அர்த்தமாகிவிட்டது, நம் ஊரில் போட்டோகாப்பி எல்லாம் 'ஜெராக்ஸ்' ஆன மாதிரி.

மறைத்து எடுத்துச் செல்ல ஏற்ற துப்பாக்கி கிடைத்தால், மறைக்க வேண்டிய தேவை உள்ளவர்கள்தானே முதலில் தேடுவார்கள்? நீலகிரி தோட்டத் துரைக்கு மறைக்கத் தேவையே இல்லை, அவருக்குத்தான் விலக்கு இருந்ததே! தேவை இருந்தது லண்டன் இந்தியா ஹவுஸில் கூடிய இளைஞர்களுக்கு. 1909-ல் சாவர்க்கர் அனுப்பிய 20 பிரௌனிங் பிஸ்டல்கள், சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டியில் போலி அடித்தட்டுக்குள் ஒளிந்து பம்பாய் வந்தன. அதே வருடம் டிசம்பர் 21-ஆம் தேதி நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடகம் பார்க்க வந்த இடத்தில் அனந்த் கன்ஹரே சுட்டுக் கொன்றது அப்படி வந்த பிஸ்டல் ஒன்றால்தான்.

தமிழ்நாட்டுக்கு வழி பாண்டிச்சேரி. அது பிரெஞ்சுக்காரர்களின் மண், அங்கே லிட்டனின் சட்டம் செல்லாது. லண்டனிலிருந்து தப்பி 1910-ல் பாண்டிச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் அங்கே இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக் கொடுத்தார். அப்படிப் பழகியவர்களில் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறையில் புனலூரில் வேலை. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் கொடைக்கானல் போக வேண்டிய திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவி மேரியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஏறிய இளைஞனிடம் துப்பாக்கி இருப்பது, அவன் அதை வெளியே எடுக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. ஒரு குண்டு ஆஷின் மார்பில். ஓடிப்போய் பிளாட்பாரக் கழிப்பறைக்குள் நுழைந்த வாஞ்சி இன்னொரு குண்டைத் தனக்கே வைத்துக்கொண்டார். வயது 25.

வாஞ்சி செய்ததைப் பற்றி இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டம் 33 வருடமாக அமலில் இருந்தது. பன்றியை விரட்ட நினைத்த விவசாயியை அது தடுத்தது. கலெக்டரைக் கொல்ல நினைத்தவரைத் தடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் பட்டப்பகலில் காணாமல் போயின. முதல் உலகப் போர் முடிந்த பிறகு விதிகளிலிருந்து இனப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் மட்டும் அப்படியே நின்றது.

சுதந்திரம் வந்த ஆறாவது மாதமே இன்னொரு சின்ன பிஸ்டல். 1948 ஜனவரி 30, பிர்லா மாளிகை. கோட்சே கையில் இருந்தது இத்தாலியின் பெரெட்டா 1934 மாடல். உள்ளங்கையில் அடங்குவது, குவாலியரில் வாங்கியது.

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்எம், பாயிண்ட் 38, பாயிண்ட் 455 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. வேண்டுமென்றால் டெல்லி அனுமதி வேண்டும். சிப்பாயிடமிருந்து திருடிய தோட்டா வெளியில் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இதுவும் வெள்ளையன் விட்டுப்போன யோசனைதான். 1900களில் பாயிண்ட் 450 அளவை இந்தியாவில் தடை செய்ததால்தான் இங்கிலாந்து கம்பெனிகள் பாயிண்ட் 470 என்று புது யானைத் தோட்டாவையே உருவாக்கின.

தடையில் அடங்காமல் மிஞ்சியது பாயிண்ட் 32. ஆகவே அரசு தொழிற்சாலைகள் அந்த அளவிலேயே தயாரித்தன. பழைய வெப்ளி ரிவால்வரைத் தழுவி கான்பூரில் ஒரு ரிவால்வர், இஷாபூரில் 'அஷானி' என்ற பிஸ்டல். பிஸ்டலுக்குத் தோட்டா பிரௌனிங் 1899-ல் போட்ட அதே தோட்டா. ரிவால்வருக்கானது அதைவிட மூன்று வயது மூத்தது! உலகம் முழுக்க ஏட்டளவில் ஓய்வு பெற்றுவிட்ட அளவு, இந்தியாவில் மட்டும் சட்டத்தின் தயவில் இளமையாக இருக்கிறது.

இது எவ்வளவு சின்ன குண்டு என்பதற்கு ஒரு ஒப்பீடு. 32 என்றால் அங்குலத்தில் 100-ல் 32 பங்கு, கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் குறுக்களவு. பிஸ்டல் குண்டின் எடை ஐந்து கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதற்காகக் குறைத்து எடைபோட வேண்டாம், கொல்லும். ஆனால் உடனே நிறுத்தும் என்று சொல்ல முடியாது. பொதுவாகவே கைத்துப்பாக்கிக் காயத்தின் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தமிழ்நாடே கண்ட உதாரணம் 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்துக்குப் பேசப் போன எம்.ஆர். ராதா, பேச்சு நடுவே மறைத்து வைத்திருந்த ரிவால்வரை எடுத்து எம்.ஜி.ஆரைக் காதருகே சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆர். போஸ்டர் பரங்கிமலைத் தொகுதியை ஆஸ்பத்திரியிலிருந்தபடியே ஜெயித்துக் கொடுத்தது. குரல் மாறியது மாறியதுதான். ராதாவுக்கு செஷன்ஸ் கோர்ட் 7 வருடம் கொடுத்தது, பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது.

சரி, இன்று முறையாக வாங்கி வைத்திருப்பவர் கதை என்ன? காமர்ஸ் பாடத்தில் வரும் சப்ளை–டிமாண்ட் இங்கே அப்பட்டமாகத் தெரியும். 1980களின் நடுவில் பொதுமக்களுக்கான கைத்துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்கு முன் வந்த வால்தர், வெப்ளி எல்லாம் தாத்தா சொத்து மாதிரி ஆகிவிட்டன. வெளிநாட்டில் பழைய சாமான் விலைக்குப் போகும் பிஸ்டல் இங்கே பல லட்சத்துக்குக் கைமாறுகிறது. வாங்கினால் சுட்டுப் பழகலாமா? தோட்டாவுக்கு ஆண்டு வரம்பு உண்டு. ஆக, பழகாத கையில் விலையுயர்ந்த துப்பாக்கி. கான்பூர் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை, டிரிக்கர் கனம், இழுக்கும்போதே குறி விலகுகிறது என்பது.

2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் வந்தது. அரை கிலோ எடை, டைட்டானியம் கலவை, நகைப் பெட்டி போன்ற சிவப்புப் பெட்டி, கைப்பைக்குள் அடங்கும். விலை 1 லட்சத்து 22 ஆயிரம். அந்த வருடம் ஒரு இந்தியரின் சராசரி ஆண்டு வருமானமே அதைவிடக் குறைவு. ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு இதை யார் வாங்கித் தருவார்கள்? பணம் இருந்தாலும் உயிருக்கு ஆபத்து என்று கலெக்டரையும் போலீசையும் நம்ப வைத்து, பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். 1878-ல் தோலின் நிறம் பார்த்தார்கள், இப்போது பர்ஸின் கனம் பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் மறைத்துக் கொண்டுபோவதற்குத் தனி அனுமதி பற்றி மாநிலத்துக்கு மாநிலம் விவாதம். இங்கே 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடித்தான் இருக்க வேண்டும். வெளியே காட்டினால்தான் தப்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் ஜெயில். ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. தேர்தல் அறிவித்தால் பல இடங்களில் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

ஸ்ரீமதுரை இன்று முதுமலைக் காட்டை ஒட்டிய ஊராட்சி. சாயங்காலம் ஆனால் அங்கே பயம் திருடனைப் பற்றியதை விட யானையைப் பற்றியது. யானை முன்னால் பாயிண்ட் 32-ஐ நீட்டினால் அதற்குக் கோபம் வருவதைத் தவிர வேறு ஒன்றும் நடக்காது. 2021-ல் கூடலூர், மசினகுடி பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலிக்காக, மூன்று வாரம் வனத்துறை காட்டைச் சல்லடை போட்டது. சுட்டுக் கொல்ல வேண்டாம் என்று ஐகோர்ட் சொன்னது. கடைசியில் அக்டோபர் 15-ஆம் தேதி அதை வீழ்த்தியது மயக்க ஊசி போடும் துப்பாக்கி. புலி உயிரோடு மைசூர் போனது.