லியனார்டோவின் குறிப்பேடுகள்

இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி ஓவியம் பயில்வோர்க்கு ஓர் அறிவுரை கூறினார். சிறு குறிப்பேடொன்றை எப்பொழுதும் உடன்கொண்டு செல்க. மாந்தர் பேசுவதையும் சினப்பதையும் நகைப்பதையும் கண்டவுடன் வரைக. வரைந்ததை அழியாது பேணுக. நினைவு அத்தனையையும் தாங்காது என்பதே அது.

தாமும் அவ்வாறே செய்தார். பற்சக்கரம், பறக்கும் பொறி, நீரோட்டம், மனித உடலின் உள்ளமைப்பு ஆகிய யாவும், வலமிருந்து இடமாக எழுதிய குறிப்புக்களோடு அவருடைய ஏடுகளில் இடம்பெற்றன.

1519ஆம் ஆண்டு அவர் பிரான்சிலே மறைந்தபொழுது, ஏடுகள் மாணாக்கர் பிரான்செஸ்கோ மெல்சியைச் சேர்ந்தன. மெல்சி அவற்றைக் கண்ணெனக் காத்தார்; ஓவியம் பற்றிய பகுதிகளைத் தொகுத்தும் வைத்தார். அவர் மைந்தரோ அவற்றின் அருமை அறிந்திலர். ஏடுகள் பலர் கைக்குச் சென்று சிதறின. பொம்பேயோ லியோனி என்னும் சிற்பி பல தாள்களை வெட்டிப் பெருந்தாள்களில் ஒட்டினார். மட்ரிட் தேசிய நூலகத்தில் இடம்மாறிக் கிடந்த இரண்டு ஏடுகளை உலகம் 1967ஆம் ஆண்டிலேதான் மீண்டும் அறிந்தது. அவற்றுள் ஒன்றில், உராய்வைக் குறைக்கும் குண்டுகள் பொருந்திய அச்சுத்தாங்கியின் படம் இருந்தது. அதற்குள் அத்தகைய தாங்கிகளைப் பிறர் தாமாகவே கண்டறிந்து, உலகெங்கும் இயந்திரங்களிற் பொருத்திவிட்டனர்.

எண்ணத்தைத் தாளிற் பதிப்பது ஒருவர் கடமை. அதனைக் காத்துப் பிறர்க்குக் காட்டுவது பின்வந்தோர் கடமை. முன்னோர் ஏடுகளை உடையோர் இதனை எண்ணுதல் தகும்.