தோட்டப் பள்ளியை ஆராய்ந்த பேராசிரியர் டி. மாரிமுத்து

பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா, தேசியப் பள்ளிக்கா, சீனப் பள்ளிக்கா? செடெனாக் போன்ற தோட்டப் பகுதிகளில் முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கும்போதெல்லாம் எழும் கேள்வி இது. இதன் பின்னணியில் உள்ள தோட்டப் பள்ளியின் நிலையை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர், மலாயாப் பல்கலைக்கழகக் கல்விப் புலத்தில் பணியாற்றிய பேராசிரியர் டி. மாரிமுத்து.

எஸ். ஹுசின் அலி தொகுத்த 1984ஆம் ஆண்டு நூலில், ஏழைகளுக்கு, குறிப்பாகத் தோட்டப் பிள்ளைகளுக்கு, பள்ளிப் படிப்பு முட்டுச்சந்தாக முடிவதைப் பற்றி அவர் எழுதினார். சந்துவும் ஏ. மணியும் தொகுத்து 1993இல் சிங்கப்பூரில் வெளிவந்த நூலில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தோட்டப் பள்ளி, பெற்றோரின் சமூக நிலையைப் பிள்ளைகளிடமும் தொடரச் செய்யும் கருவி என்பது அக்கட்டுரையின் மையக் கருத்து. பால்மரம் வெட்டுபவரின் பிள்ளை பள்ளிக்குப் போயும் தோட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும். அப்பள்ளிகள் தோட்டத்தை நம்பியே இருந்தன. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டத் துண்டாடலாலும் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததாலும் இன்று சுமார் 530ஆகக் குறைந்துள்ளன.

2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். வீட்டிலேயே கற்பிக்க அமைச்சின் விலக்கு தேவை. எனவே பெரும்பாலோருக்குத் தேர்வு என்பது எந்தப் பள்ளி என்பதே. பயிற்றுமொழியோடு, கட்டடம், ஆசிரியர், வீட்டுச் சூழல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க மாரிமுத்துவின் கட்டுரைகள் இன்றும் துணைபுரியும்.