பெசன்ட் நகரில் செய்த பூட்டு

ஓர் இரும்புப் பெட்டி. மேலே உறை நுழையும் அளவுக்கு ஒரு வாய், பக்கத்தில் அரக்கு முத்திரை வைத்த பூட்டு. அரசு அலுவலகங்களில் டெண்டர் என்றால் ஒரு காலத்தில் இதுதான். மூன்று மணிக்குப் பெட்டி மூடப்படும் என்று விளம்பரம் சொல்லும். பெட்டிக்குப் போகிற வராந்தாவில் யார் நிற்பார்கள் என்பதைச் சொல்லாது. வெளியூர் கான்ட்ராக்டர் டெண்டர் ஷெட்யூல் கேட்டால் "தீர்ந்துபோச்சு சார்" என்ற பதில் தயாராக இருக்கும். கேட்டவரும் புரிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவார்.

இந்த வழக்கத்துக்கு முதல் அடி கம்ப்யூட்டரிலிருந்து விழவில்லை, சட்டத்திலிருந்து விழுந்தது. 1998இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2000இல் விதிகள் வந்தன. இந்தியாவில் இப்படியொரு சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். பின்னாலேயே கர்நாடகமும் தனக்கொன்று இயற்றிக்கொண்டது. மத்திய அரசு 2012இல் ஒரு மசோதா கொண்டுவந்து, அது அப்படியே காலாவதியாகிவிட, பொது நிதி விதிகளை வைத்துத்தான் காலம் தள்ளுகிறது.

சட்டத்தில் பெரிய தத்துவம் ஏதும் கிடையாது, எல்லாமே நடைமுறைச் சங்கதி. டெண்டர் அறிவிப்பு அதற்கென்று உள்ள செய்தி மடலில் வர வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில் உறையைப் பிரிக்க வேண்டும். விலை பேசுவதென்றால் குறைந்த விலை போட்டவரிடம் மட்டுமே பேசலாம். என்னைக் கேட்டால் இதில் உயிர்நாடி அந்த 15 நாள்தான். காலையில் விளம்பரம், மாலையில் முடிவு என்றால் திருநெல்வேலிக்காரர் எப்படித் தாம்பரத்து வேலைக்கு விலை போடுவார்?

ஆனாலும் பெட்டி இருந்தது, வராந்தாவும் இருந்தது. 2003இல் ஆந்திரம் இணையவழிக் கொள்முதலில் முந்திக்கொண்டது. தேசிய தகவலியல் மையத்தின் சென்னைப் பிரிவு, பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருந்தபடி, தன் மென்பொருளை 2007இல் வெள்ளோட்டம் விட்டது. ஜெப்னிக் என்று பெயர். கான்ட்ராக்டர் விலையை நிரப்பியதும், அவருடைய கம்ப்யூட்டரிலேயே அது பூட்டப்பட்டு, பிறகுதான் சர்வருக்குப் போகும். திறக்க ஒரே அதிகாரியின் சாவி போதாது. நான்கு பேரை நியமித்தால், அவர்களில் இருவராவது தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு வந்தால்தான் திறக்கும். கடைசி நேரத்தைச் சொல்வது சர்வரின் கடிகாரம். அதனிடம் "ஒரு அஞ்சு நிமிஷம் சார்" என்று கெஞ்ச முடியாது. இன்று பெரும்பாலான மாநிலங்கள் ஓட்டுவது இதே மென்பொருளைத்தான். முகப்பில் மாநிலத்தின் பெயர்தான் மாறும்.

சென்னையின் தென்புறநகருக்கு இந்த மென்பொருள் கைகொடுத்த இடம் வேறு. சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குத்தான் போகும். தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது, அன்றைய டெண்டருக்குத் தெரியும்: சிட்லப்பாக்கம் பேரூராட்சி, செம்பாக்கம் நகராட்சி. கால்வாயின் மேல்பாதிக்கு ஒரு டெண்டர், கீழ்ப்பாதிக்கு இன்னொன்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பத்து அலுவலகங்களின் ரோடும் விளக்கும் கட்டடமும் ஒரே சொத்துக் கணக்குக்குள் வர வேண்டியதாயிற்று. டெண்டர்கள் இணையத்தில் இருப்பதால், சிட்லப்பாக்கத்தில் இருப்பவர் பம்மல் வேலைக்கு யார் என்ன விலை போட்டார் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்க்கிறவர்கள் சொற்பம், அது தனிக்கதை.

வராந்தா ஆட்கள் என்ன ஆனார்கள்? சிலர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்கள். தமிழகத்தின் இணையவழி டெண்டர்களை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், ஒன்றுக்கொன்று போட்டி என்று சொல்லிக்கொண்டவர்களின் விண்ணப்பங்கள் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஏறியிருப்பதைக் கண்டார். எல்லாமே கூட்டுச்சதி என்று சொல்லிவிட முடியாது. சின்ன கான்ட்ராக்டர் தன் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைப் பிரவுசிங் சென்டர் தம்பியிடம் கொடுத்து, "நீயே போட்டுடுப்பா" என்பது சகஜம். ஒரே தம்பியிடம் மூன்று பேர் போயிருக்கலாம். மூன்று பேரையும் ஒருவரே அனுப்பியும் இருக்கலாம். இரும்புப் பெட்டிக் காலத்தில் மூன்று உறையையும் ஒரே கை ஒட்டியிருந்தால் தணிக்கைக்காரருக்குத் தெரிய வழியில்லை. இப்போது ஏறிய முகவரியும் நேரமும் சர்வரில் கிடக்கின்றன. டெண்டரை முடிவு செய்கிற நாளிலேயே அதிகாரி அதைப் பார்க்கலாம், தணிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.