முட்டையா, வலையா?

இன்ஜினியரிங் படிக்கும்போது மேட்ரிக்ஸ் எனக்கு மார்க் வாங்கித் தரும் கணக்கு, அவ்வளவுதான். அதற்குள் உயிர்களை வைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டின் பி.எச். லெஸ்லி. ஒவ்வொரு வயதிலும் எத்தனை குட்டி பிறக்கிறது, எத்தனை உயிர் அடுத்த வயதுக்குப் பிழைக்கிறது என்று கட்டங்களில் நிரப்பிப் பெருக்கிக்கொண்டே போனால், கூட்டம் பெருகுமா தேயுமா என்று தெரிந்துவிடும். 1945இல் இதை எழுதினார்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் பெருந்தலைக் கடலாமைகள் குறைந்தபோது, கடற்கரையில் முட்டைகளைக் காப்பதில்தான் கவனமெல்லாம் இருந்தது. 1987இல் குரவுஸ், கிரவுடர், காஸ்வெல் மூவரும் கணக்குப் போட்டார்கள். ஆமைக்கு வயது சொல்வது கஷ்டம். அதனால் வளர்ச்சி நிலைகளாகப் பிரித்தார்கள். முட்டையும் குஞ்சும் முதல் வருஷத்தில் ஒன்றுகூடச் சாகாவிட்டாலும் கூட்டம் தேயும் என்று விடை வந்தது. பிழைக்க வேண்டியவை, இறால் இழுவலையில் மூச்சுமுட்டிச் சாகிற, இன்னும் முட்டையிடும் பருவம் வராத பெரிய ஆமைகள். வலையில் ஆமை தப்பிக்க ஒரு வழி வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கு பலம் சேர்த்தது.

முட்டை பொறுக்கிய கைகளின் அக்கறையில் குறையே இல்லை. அந்த அக்கறை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் மேட்ரிக்ஸ் சொன்னது.