கோஜிராவும் அதனைக் கண்டோரும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய நாம் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் அரசாங்கப் பத்திரங்களையும் நாடுகிறோம். மன்னர் செய்ததையும் மந்திரிகள் எழுதியதையும் அவை சொல்லும். ஆனால் சாதாரண மக்கள் எதைக் கண்டு அஞ்சினர், எதை நினைத்து அழுதனர் என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. அதனை அறிய, மக்கள் கூடிக் கண்ட கூத்தையும் நாடகத்தையும், நம் காலத்தில் திரைப்படத்தையும் நாட வேண்டியிருக்கிறது. வரலாற்றுப் பாடம் கற்பித்தவன் என்ற முறையில் இக்கருத்தை நான் உறுதியாகக் கொண்டவன். இதற்குச் சான்றாக, 1954-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த 'கோஜிரா' என்னும் திரைப்படத்தையும், அதனைப் பார்த்தவர்கள் கொண்ட கருத்துக்களையும் இன்று எடுத்துக்கொள்கிறேன். உலகின் பிற பாகங்களில் 'காட்ஜில்லா' என வழங்குவது இதுவே.

'கொரில்லா' என்பதன் ஜப்பானிய உருவத்தையும், திமிங்கலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்னும் ஜப்பானியச் சொல்லையும் இணைத்து உண்டாக்கிய பெயர் அது. கடலடியில் வாழ்ந்த ஒரு தொல்பழங்கால விலங்கு, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் நிலைகுலைந்து வெளிப்படுகிறது, கப்பல்களை மூழ்கடிக்கிறது, பின்னர் டோக்கியோ நகருள் புகுந்து அதனைத் தீக்கிரையாக்குகிறது. கதை இவ்வளவுதான். மேலோடு நோக்கின் பாட்டி சொல்லும் பூதக்கதை போன்றதே. ஆயினும் அதைக் கண்ட ஜப்பானிய மக்கள் அதனைப் பூதக்கதையாகக் கொள்ளவில்லை. ஏன்?

விடை அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளில் இருக்கிறது. 1954 மார்ச் 1-ஆம் நாள் அமெரிக்கா பசிபிக் மாகடலின் பிகினித் தீவில் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. அப்போது தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் ஃபுகுரியு மாரு' என்ற ஜப்பானியப் படகின்மீது வெண்ணிறச் சாம்பல் மழைபோல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் கதிரியக்கத்தால் நோயுற்றுக் கரை திரும்பினர். அவர்கள் கொணர்ந்த மீனில் நஞ்சு கலந்திருப்பது தெரிந்ததும் நாடெங்கும் மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். படகின் கம்பியில்லாத் தந்தி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் மறைந்து ஆறு வாரங்கள் ஆவதற்குள் கோஜிரா திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கத்திலேயே கடலில் ஒரு பேரொளி தோன்றுகிறது. ஒரு கப்பல் தீப்பற்றி அழிகிறது. அக்காட்சியின் பொருளை அன்றைய ஜப்பானியருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

மற்றொன்றும் கருதத் தக்கது. 1945 மார்ச்சு 9-ஆம் நாள் இரவில் நிகழ்ந்த விமானத் தாக்குதலில் டோக்கியோவில் சுமார் ஓர் இலட்சம் மக்கள் வெந்து மடிந்தனர். ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. பின்னர் 1952 ஏப்ரல் வரையில் அந்நியர் ஆதிக்கம் நடைபெற்றது. அதன் முற்பகுதியில் அணுகுண்டின் கொடுமையைப் பற்றி எழுதுவதற்கும் காட்டுவதற்கும் கடுமையான தணிக்கை இருந்தது. வாய்விட்டு அழ இடமின்றி அடக்கிவைத்த துயரம், ஒரு விலங்கின் உருவில் வெளிவந்தது என்றே நான் கருதுகிறேன். படத்தை இயக்கிய இஷிரோ ஹோண்டா போர்வீரராகச் சீனாவில் பணியாற்றி, 1946-இல் தாயகம் திரும்பும் வழியில் அழிந்த ஹிரோஷிமாவைத் தம் கண்களால் கண்டவர். அணுக்கதிரின் அழிவாற்றலுக்கு ஓர் உருவம் கொடுக்க விரும்பியதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார்.

இனி, பார்த்தோர் கருத்துக்கு வருவோம். டோஹோ நிறுவனத்தார் வெளியிட்ட இப்படத்தை சுமார் 96 இலட்சம் மக்கள் கட்டணம் செலுத்திக் கண்டனர். கண்ணீருடன் அரங்கைவிட்டு வெளியேறியவரும் இருந்தனர். எரியும் தெருவில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, விரைவில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று தேற்றும் ஒரு தாயைப் படம் காட்டுகிறது. மருத்துவமனையில் கதிரியக்கமானியை ஒரு சிறுமியிடம் நீட்டிப் பார்த்துத் தலையசைக்கும் அறிஞரையும் காட்டுகிறது. கணவனைப் போரில் இழந்த பெண்களும், பெற்றோரை இழந்த பிள்ளைகளும் நிறைந்திருந்த அவையில் இக்காட்சிகள் எத்தகைய உணர்ச்சியை எழுப்பியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் பத்திரிகை விமர்சகர் பலர் வேறுவிதமாக எழுதினர். நாட்டின் புண் ஆறுமுன்னரே அதனைக் கிளறிப் பணம் பண்ணுகிறார்கள் என்றும், மீனவர் பட்ட துன்பத்தை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்கள் என்றும் குறை கூறினர். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. பிறர் துயரை விற்பது இழிந்த செயலே. எனினும், துயரை விற்பதற்கும் துயரைச் சொல்வதற்கும் வேற்றுமை உண்டு. அதனை அறியக் கதையின் முடிவை நோக்க வேண்டும். செரிசாவா என்னும் விஞ்ஞானி, கோஜிராவைக் கொல்லவல்ல ஒரு கருவியைக் கண்டுபிடித்திருக்கிறார். அது அரசியலார் கையில் சிக்கினால் குண்டினும் கொடிய படையாகும் என்று அஞ்சித் தம் குறிப்புக்களை எரித்துவிட்டு, விலங்கோடு தாமும் கடலடியில் மாள்கிறார். பணம் ஒன்றையே கருதியவர்கள் வெற்றி முழக்கத்தோடு படத்தை முடித்திருப்பார்கள். இங்கோ வெற்றியில் களிப்பில்லை. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா தோன்றக்கூடும் என்று முதிய அறிஞர் யமானே வருந்துகிறார். இவ்வெச்சரிக்கை தனிக்குரல் அன்று. டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் வலுப்பெற்ற குண்டெதிர்ப்புக் கையெழுத்து இயக்கத்தில் 1955-க்குள் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

கடல் கடந்ததும் அதே படம் வேறொரு பொருளாக மாறியது. 1956-இல் அமெரிக்காவில் அதனைச் சுருக்கி, ரேமண்ட் பர் என்ற நடிகரை ஒரு நிருபராகப் புதிதாகச் சேர்த்து வெளியிட்டனர். 96 நிமிடப் படம் 80 நிமிடமாயிற்று. புகைவண்டியில் ஒரு பெண் நாகசாகியில் தான் உயிர் தப்பியதைக் குறிப்பிடும் பேச்சு நீங்கியது. யமானேயின் இறுதி எச்சரிக்கையும் நீங்கியது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரவுதர், பொம்மை வீடுகளையும் விளையாட்டு ரயிலையும் வைத்து எடுத்த படம் என்று எள்ளி நகையாடினார். பொம்மைகளை அவர் கண்டது பொய்யன்று. எய்ஜி சுபுராயா என்னும் நிபுணர் சிறு கட்டடங்களை அமைத்து, கனத்த ரப்பர் உடைக்குள் ஹருவோ நகஜிமா என்ற நடிகரை நடக்கவிட்டே அழிவைக் காட்டினார். ஆனால் தன் ஊர் எரிந்ததைப் பார்த்தவன் கண்ணுக்கு அச்சிறு வீடுகள் பொம்மையாகத் தோன்றவில்லை. படம் ஒன்றே; பார்த்தவர் அனுபவமே வேறு.

காலப்போக்கில் ஜப்பானியர் கருத்தும் மாறியது. 1962-இல் கிங் காங்கோடு மோதும் வேடிக்கை மல்லனாகக் கோஜிரா வந்தபோது, முதற் படத்தினும் பெருங்கூட்டம் கூடிச் சிரித்து மகிழ்ந்தது. பின்னர் அது சிறுவருக்கு நண்பனாகவும் உலகுக்குக் காவலனாகவும் ஆயிற்று. துயரை மறந்து சிரிப்பதும் மக்கள் இயல்பே. அதனைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. ஆயினும் மறதி முழுமையாக வெல்லவில்லை. 2004-இல் அமெரிக்கத் திரையரங்குகளில் மூலப்படம் வெட்டின்றி வெளியிடப்பட்டபோது, முன்னர் நகைக்கப்பட்ட படத்தை விமர்சகர் பலர் மதிப்புடன் வரவேற்றனர். 2023-இல் தகாஷி யமசாகி மீண்டும் போர் முடிந்த காலத்து ஜப்பானையே களமாகக் கொண்டு ஒரு கோஜிராப் படத்தை எடுத்தார். அது 2024-இல் காட்சி உத்திகளுக்கான ஆஸ்கர் பரிசையும் பெற்றது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? ஒரு கலைப்படைப்பைக் குறித்து எழுந்த பாராட்டும் பழிப்பும் படைப்பைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்பதையும் உடன் சொல்கின்றன. மாணவர்கள் ஒரு காலத்தை ஆராயும்போது, அக்காலத்து மக்கள் எதனைப் பார்த்தார்கள் என்று கேட்பதோடு நில்லாமல், அதைப் பார்த்து அழுதார்களா, சினந்தார்களா, சிரித்தார்களா என்றும் கேட்க வேண்டும். அணுகுண்டுகள் இன்றும் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆதலின், 1954-இல் டோக்கியோ அரங்குகளில் அழுதவர்களின் கருத்தை, எள்ளி நகையாடியவர்களின் கருத்தினும் ஒரு படி மேலாகவே நான் மதிக்கிறேன்.